ஓவன் கம்பி கையில் பட்டால் முதலில் என்ன செய்வது? அடுத்த முறை படாமல் இருக்க என்ன வழி?

சன்னலோரம்

ட்ரேயை வெளியே எடுக்கும்போது ஓவனுக்குள் இருக்கும் மேல் கம்பித்தட்டு முன்கையில் பட்டுவிட்டது. மணிக்கட்டிலிருந்து நான்கு விரல் மேலே, உள்பக்கம். கோடு போட்ட மாதிரி இரண்டு விரல் நீளத்துக்குச் சிவந்திருக்கு. கொப்புளம் வரலை, ஆனால் காந்தல் நிற்கவே இல்லை. பட்டு முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். உடனே குழாயில் காட்டினேன், எரிச்சல் அடங்கினதும் எடுத்துட்டேன். எடுத்த கொஞ்ச நேரத்தில் மறுபடி காந்த ஆரம்பிச்சிடுச்சு.

வீட்டில் ஒருத்தர் டூத் பேஸ்ட் போடச் சொல்றாங்க, இன்னொருத்தர் ஐஸ் வைக்கச் சொல்றாங்க. இரண்டையும் செய்யாமல் இங்கே கேட்கிறேன். இன்னொன்று: எப்போது சூடு பட்டாலும் எனக்கு இதே இடத்தில்தான் படுது. உங்களுக்கும் அப்படியா?

வெள்ளைச்சீருடை

இதைப் படிச்சதும் எழுந்து போய்க் குழாயைத் திறங்க. மீதியைத் தண்ணீர் ஓடும்போதே படிக்கலாம்.

நான் தீக்காயப் பிரிவில் செவிலியராக இருக்கேன். சூடு பட்ட இடத்தை ஓடும் தண்ணீரில் 20 நிமிஷம் காட்டணும். கடிகாரம் பார்த்து 20 நிமிஷம். பட்டு 3 மணி நேரத்துக்குள் எப்போது ஆரம்பிச்சாலும் பலன் உண்டு, அதனால் முக்கால் மணி நேரம் போயிடுச்சேன்னு விட்டுடாதீங்க. சாதாரணக் குழாய்த் தண்ணீர் போதும். குழாயை முழுசாத் திறக்க வேண்டாம், காயத்தின் மேல் மெதுவா வழிஞ்சு ஓடினால் போதும்.

எரிச்சல் அடங்கினதும் கையை எடுத்துடறதுதான் கிட்டத்தட்ட எல்லாரும் செய்யறது. தோலின் மேற்பரப்பு குளிர்ந்ததும் வலி குறைஞ்சிடும். ஆனால் கம்பியிலிருந்து உள்ளே போன சூடு கீழடுக்கில் இன்னும் இருக்கு. அது இருக்கிற வரைக்கும் பக்கத்துச் செல்களையும் சேர்த்து வேக வைக்கும். திரும்பக் காந்தினதுக்கு அதுதான் காரணம். அந்த 20 நிமிஷம் அடியில் இருக்கிற சூட்டை வெளியே இழுக்கத்தான். காயம் எவ்வளவு ஆழமாகப் போகுது, தழும்பு நிற்குமா நிற்காதா என்பதில் இந்த 20 நிமிஷத்துக்குப் பெரிய பங்கு இருக்கு.

அந்தக் கையில் மோதிரம், வளையல், வாட்ச் இருந்தால் இப்பவே கழற்றுங்க. வீங்கின பிறகு கழற்ற முடியாது.

சன்னலோரம்

நன்றி அக்கா. கையைக் காட்டிக்கிட்டே ஒரு கையால் தட்டறேன். மோதிரத்தைக் கழற்றிட்டேன்.

பழையகிணறு

செவிலியர் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் காலம் காலமாக டூத் பேஸ்ட்தான். தடவியதும் ஜில்லென்று இருக்கும், கொப்புளம் போடாது, இரண்டு நாளில் ஆறிவிடும். கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். எதற்காக எல்லோரும் அதை இவ்வளவு எதிர்க்கிறீர்கள் என்று விளக்கினால் நன்றாக இருக்கும்.

வெள்ளைச்சீருடை

கேட்டது நல்லது ஐயா. இதே கேள்வியைப் பலர் மனசிலேயே வச்சிக்கிட்டு, வீட்டுக்குப் போய்ப் பேஸ்டையே போடறாங்க.

அந்த ஜில்லென்ற உணர்வு மெந்தாலால் வருது. குளிர்ச்சியை உணர்கிற நரம்பு முனைகளை மெந்தால் தூண்டும், உடனே மூளைக்குக் ‘குளிருது’ன்னு செய்தி போகும். தோலின் சூடு அதனால் இறங்கறதே இல்லை. மேலே பேஸ்ட் ஒரு படலமா மூடிக்கிட்டா, உள்ளே இருக்கிற சூடு வெளியேறவும் தடை. எண்ணெய், வெண்ணெய், முட்டை வெள்ளைக்கரு, மாவு எல்லாத்துக்கும் இதே கதைதான்.

கொப்புளம் போடாமல் ஆறினது பேஸ்டால் இல்லை ஐயா. மேல்தோல் மட்டும் சிவந்த காயம் எதுவுமே போடாமல் விட்டாலும் ஒரு வாரத்துக்குள் தானா ஆறிடும்.

ஆழமான காயத்தில் பேஸ்ட் போட்டு வர்றவங்களை நினைச்சுத்தான் நாங்க இவ்வளவு சொல்றோம். காய்ஞ்ச பேஸ்ட் வெந்த தோலோடு சேர்ந்து ஓடு மாதிரி இறுகியிருக்கும். உப்புநீரில் பஞ்சை நனைச்சு, அதை ஊற வச்சு, ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமா எடுக்கணும். எவ்வளவு மெதுவா எடுத்தாலும் உரிஞ்சு நிற்கிற தோல் சேர்ந்து வரும். பெரியவங்களே பல்லைக் கடிச்சிக்கிட்டு இருப்பாங்க, குழந்தைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இவ்வளவும் முடிஞ்ச பிறகுதான் அடியில் சிவப்பா, வெளிர் நிறமா, வெள்ளையான்னு டாக்டர் பார்க்கவே முடியும். அந்த நிறத்தை வச்சுத்தான் ஆழத்தைக் கணிப்பாங்க.

ஐஸ் பற்றியும் கேட்டிருந்தாங்க. வேண்டாம். ஐஸ் நேரா பட்டால் ரத்தக் குழாய்கள் சுருங்கிடும். ஏற்கெனவே அடிபட்ட தோலுக்கு ரத்தம் போறது இன்னும் குறையும். வெந்த புண்ணின் மேல் குளிரால் வேற ஒரு புண் வரும்.

பழையகிணறு

மெந்தால் விஷயம் எனக்குப் புதிது. காயத்தைப் பார்க்கவே முடியாமல் மூடிவிடுகிறது என்பது யோசிக்க வேண்டிய செய்திதான். சோற்றுக் கற்றாழையும் கூடாதா?

வெள்ளைச்சீருடை

20 நிமிஷத் தண்ணீருக்குப் பிறகு, தோல் உரியாமல் சிவந்து மட்டும் இருக்கிற காயத்துக்குக் கற்றாழை ஜெல் போடலாம், எரிச்சலுக்கு இதமா இருக்கும். தோல் பிஞ்ச இடத்தில் செடியிலிருந்து வெட்டி அப்படியே வைக்காதீங்க, அதில் இருக்கிற அழுக்கும் கிருமியும் உள்ளே போகும்.

அடுமனைக்காரன்

அதே இடத்தில்தான் படுதுன்னு தங்கச்சி கேட்டதுக்கு நான் பதில் சொல்றேன். பேக்கரி ஓவன் முன்னாடியே பல வருஷம் நின்னவன். எங்க தொழிலில் யார் கையைப் பார்த்தாலும் முன்கையில் குறுக்கா இரண்டு மூணு கோடு இருக்கும். கம்பி பட்ட தழும்புதான் எல்லாம்.

காரணம் ரொம்ப எளிசு. ட்ரே உள்ளே இருக்கும்போது கையை உள்ளே விட்டு எடுக்கறீங்க. கண்ணு ட்ரே மேல, கவனம் விரல் மேல. விரலுக்குக் கையுறை இருக்கு. முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் ஒண்ணும் இல்லை. ட்ரேயைத் தூக்கினதும் கை கொஞ்சம் மேலே எழும், மேல் கம்பி அங்கே காத்துக்கிட்டு இருக்கும். ட்ரே கனமா இருந்தா இன்னும் மேலே எழும்.

கையை உள்ளே விடாதீங்க. ட்ரே உட்கார்ந்திருக்கிற கம்பித்தட்டையே முன்னால் இழுங்க. பாதிக்கு மேல் வெளியே வந்ததும் இரண்டு பக்கமும் பிடிச்சு நேரா தூக்குங்க. கம்பித்தட்டு சாயாமல் நிற்க பின்னால் தடுப்பு இருக்கணும். ஓவன் ஆறியிருக்கும்போது ஒரு தடவை இழுத்துப் பார்த்து எங்கே நிற்குதுன்னு தெரிஞ்சு வச்சுக்கோங்க. சில சின்ன ஓவனில் தடுப்பே இருக்காது, முழுசா இழுத்தா கையோடு வந்துடும்.

அடுத்தது, மேல் தட்டு தேவை இல்லைன்னா அடுப்பு மூட்டறதுக்கு முன்னாடியே வெளியே எடுத்து வச்சிடுங்க. இல்லாத கம்பி சுடாது. எந்த உயரத்தில் எது இருக்கணும்கிறதை ஓவன் ஜில்லுன்னு இருக்கும்போதே முடிவு பண்ணிடணும். சூடான பிறகு தட்டை மாற்றப் போறதுதான் பாதிக் காயத்துக்குக் காரணம்னு நான் நினைக்கிறேன்.

மாடிப்படி

ஒரு சந்தேகம். 200 டிகிரி ஓவனுக்குள் கையை விட்டால் அனல் அடிக்குதே தவிர சுடுவதில்லை. அதே 200 டிகிரி கம்பி தொட்டதும் சுட்டுவிடுகிறது. வெப்பநிலை ஒன்றுதானே?

கணிதக்கண்

வெப்பநிலை ஒன்றுதான், ஆனால் வெப்பம் கைக்கு வந்து சேரும் வேகம் வேறு. காற்று வெப்பத்தை மிக மெதுவாகக் கடத்தும், இரும்பு அதைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வேகமாகக் கடத்தும். அதனால் கம்பியைத் தொட்ட கணத்தில் அதிலுள்ள வெப்பம் தோலுக்குள் பாய்ந்துவிடுகிறது.

ஈரத்துணியின் ஆபத்தும் இதே கணக்குதான். உலர்ந்த துணி காப்பதற்குக் காரணம் நூலிழைகளுக்கு நடுவே அடைபட்டிருக்கும் காற்று. துணி நனைந்தால் அந்த இடத்தில் தண்ணீர் வந்து உட்கார்ந்துகொள்ளும். தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். தண்ணீர் கொதித்து ஆவியானால் துணியைத் தாண்டி விரலுக்கே வரும்.

அடுமனைக்காரன்

இதை வீட்டில் எல்லாருக்கும் சொல்லுங்க. ஈரத்துணியில் ட்ரேயைப் பிடிச்சவங்களுக்கு முதல் இரண்டு விநாடி ஒண்ணும் தெரியாது. சூடு ஏறும்போது ட்ரே கையில், பாதி வழியில் நிற்பாங்க. கீழே போடவும் மனசு வராது, பிடிக்கவும் முடியாது. பாத்திரம் துடைச்ச துணியைப் பிடிதுணியா எடுக்கற பழக்கத்தை அடியோட விட்டுடணும். பிடிதுணிக்குன்னு தனியா ஒரு ஆணி, அங்கே காய்ஞ்ச துணி மட்டும்.

மாடிப்படி

துணியே வேண்டாம், சிலிக்கான் கையுறை வாங்குங்கள் என்பேன். நனையாது, கழுவலாம், எண்ணெய் தெறித்தாலும் உள்ளே போகாது.

அடுமனைக்காரன்

நான் ஒத்துக்க மாட்டேன் தம்பி. சிலிக்கான் நனையாதுங்கிறது சரி. ஆனா மொத்தமா, விறைப்பா இருக்கும், ட்ரே விளிம்பு எங்கே இருக்குன்னு விரலுக்குத் தெரியாது. உள்ளே வியர்த்தா வழுக்கும். நல்ல தடிமனான பருத்திக் கையுறை, முழங்கை வரைக்கும் வர்றது, அதுதான் என் தேர்வு. விரல் பக்கம் தேய்ஞ்சு மெலிஞ்சு போச்சுன்னா தூக்கிப் போட்டுடணும். வெளிச்சத்துக்கு எதிரா பிடிச்சுப் பாருங்க, வெளிச்சம் தெரிஞ்சா அது கையுறை இல்லை.

மாடிப்படி

முழங்கை வரை வரும் சிலிக்கான் கையுறையும் இருக்கிறதே அண்ணா, உள்ளே பருத்தி உறையோடு. வியர்வை அதில் பிரச்சினை இல்லை. ஆனால் விறைப்பு பற்றி நீங்கள் சொல்வது உண்மை. சின்ன ட்ரேயின் மெல்லிய விளிம்பைப் பிடிக்க அது சிரமம்தான்.

கணிதக்கண்

எதை வாங்கினாலும் உறையில் ஈஎன் 407 என்ற ஐரோப்பியத் தர எண் இருக்கிறதா என்று பார்க்கலாம். சூடான பொருளைத் தொடும்போது எவ்வளவு காக்கும் என்பதற்கு அதில் படிநிலைகள் உண்டு. முதல் நிலை 100 டிகிரிக்கு, இரண்டாம் நிலை 250 டிகிரிக்கு. இரண்டிலும் குறைந்தது 15 விநாடி தாங்க வேண்டும். ஓவன் வேலைக்கு இரண்டாம் நிலைக்குக் கீழே வாங்குவதில் பொருளில்லை. 15 விநாடி என்பதையும் கவனியுங்கள். ட்ரேயைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே வைப்பது என்று இடம் தேடும் அளவுக்கு அது நீண்ட நேரம் அல்ல.

அடுமனைக்காரன்

அருமையாச் சொன்னீங்க. ஓவன் கதவைத் திறக்கறதுக்கு முன்னாடியே ட்ரே இறங்கற இடம் காலியா இருக்கணும். அந்த இடம் காய்ஞ்சும் இருக்கணும், கண்ணாடிப் பாத்திரமா இருந்தா ரொம்ப முக்கியம். சூட்டோட ஈர மேடையில் வச்சா விரிசல் விட்டு வெடிச்சிடும்.

இரண்டுவாலு

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். இரும்பு வாணலியை ஓவனுக்குள் வைத்து எடுத்து, அடுப்பு மேல் வைத்திருந்தார் என் கணவர். கையுறையைக் கழற்றிவிட்டார். இரண்டு நிமிடம் கழித்து என் மாமியார் வந்து, அடுப்பு மேல் இருக்கும் வாணலிதானே என்று கைப்பிடியைப் பிடித்துவிட்டார். கைப்பிடி உட்பட மொத்தமும் ஓவன் சூட்டில் இருந்தது. உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். பார்த்தால் சூடு இருப்பது தெரியவே தெரியாது, ஆவியும் இல்லை, நிறமும் மாறவில்லை.

இப்போது ஓவனிலிருந்து வந்த எந்தப் பாத்திரத்துக்கும் கைப்பிடியில் கையுறையை மாட்டியே வைக்கிறோம். ஆறும் வரை அது அங்கேயே இருக்கும்.

வெள்ளைச்சீருடை

அம்மாவுக்கு இப்போ எப்படி இருக்கு? உள்ளங்கையில் கொப்புளம் வந்தால் டாக்டரிடம் காட்டியே ஆகணும், வீட்டு வைத்தியம் போதாது. விரலை மடக்க நீட்ட முடியாமல் இறுகிப் போயிடக் கூடாது.

இரண்டுவாலு

அன்றே காட்டினோம். விரல்களைத் தனித்தனியாகச் சுற்றிக் கட்டுப் போட்டார்கள், பிறகு மடக்கி நீட்டும் பயிற்சியும் கொடுத்தார்கள். இப்போது நன்றாக இருக்கிறார். கேட்டதற்கு நன்றி.

நிலாமுற்றம்

கைக்குழந்தை தவழ ஆரம்பித்திருக்கிறான். ஓவன் தரையோடு இருக்கும் வகை. கதவுக் கண்ணாடியை நினைத்தாலே பயமாக இருக்கிறது. வெளிப்பக்கம் அவ்வளவு சூடாகுமா?

வெள்ளைச்சீருடை

ஓவனைப் பொறுத்தது. இரண்டு மூணு அடுக்குக் கண்ணாடி இருந்தால் வெளிப்பக்கம் குறைவாகச் சூடாகும். பழைய ஒற்றைக் கண்ணாடி நல்லாவே சுடும். ஆனால் நமக்கு ‘வெதுவெதுன்னு இருக்கு’ன்னு தோணறது குழந்தைக்கு அப்படி இல்லை. பெரியவங்க தோலையே 60 டிகிரித் தண்ணீர் சில விநாடியில் ஆழமா வேக வச்சிடும். குழந்தையின் தோல் இன்னும் மெல்லிசு. அதோட, நாம சுட்டதும் கையை இழுத்துடுவோம். தவழற குழந்தை இரண்டு கையையும் ஊன்றி எழுந்து நிற்கப் பார்க்கும், சுட்டாலும் உடனே இழுக்கத் தெரியாது. அதனால்தான் குழந்தைகளுக்கு இரண்டு உள்ளங்கையிலும் சேர்ந்து காயம் வருது.

ஓவனைச் சுற்றி 1 மீட்டருக்குள் குழந்தை வரக் கூடாதுன்னு வச்சுக்கோங்க. தடுப்புக் கதவு போட முடிஞ்சா சமையலறை வாசலிலேயே போடுங்க. அணைச்ச பிறகும் ரொம்ப நேரம் சூடு இருக்கும், தடுப்பை உடனே திறக்காதீங்க. திறந்த கதவு மேல் குழந்தை ஏறினால் தரையில் நிற்கிற அடுப்பு முன்னால் கவிழவும் வாய்ப்பு இருக்கு. சுவரோடு பிடிச்சு வைக்கிற கொக்கி ஓவனோடு வந்திருந்தால் கட்டாயம் மாட்டுங்க.

குழந்தைக்குச் சூடு பட்டால் காயத்தை மட்டும் தண்ணீரில் காட்டுங்க, உடம்பு முழுக்க நனைக்காதீங்க. மீதி உடம்பைத் துணியால் போர்த்தி வெதுவெதுப்பா வச்சுக்கணும். பரப்பு பெரிசா இருந்தால் 20 நிமிஷத் தண்ணீரில் குழந்தை குளிர்ந்து போயிடும்.

கணிதக்கண்

ஆவியைப் பற்றி யாரும் சொல்லவில்லை. கதவைத் திறந்ததும் முகத்தில் அடிக்குமே, அது வெறும் அனல் காற்று அல்ல. நீராவி தோலில் பட்டுத் திரும்பத் தண்ணீராக மாறும்போது தனக்குள் இருந்த மறைவெப்பத்தையும் தோலில் இறக்கிவிடும். ஒரு கிராமுக்குச் சுமார் 2,260 ஜூல். அதே அளவு கொதிநீர் பட்டு உடல் சூட்டுக்கு ஆறுவதில் வரும் வெப்பத்தைவிட எட்டு மடங்குக்கும் மேல். ஓவனுக்குள் தண்ணீர்த் தட்டு வைத்துச் சுடுபவர்கள் கண்டிப்பாகக் கதவின் பக்கவாட்டில் நின்று திறக்க வேண்டும். முதலில் ஒரு கை அகலம், ஆவி போன பிறகு முழுவதும். குனிந்து எட்டிப் பார்ப்பது அதற்கு அப்புறம்.

பழையகிணறு

மருந்துக் கடையில் வெள்ளி கலந்த வெள்ளைக் களிம்பு ஒன்று கொடுப்பார்களே, அதையாவது போடலாமா?

வெள்ளைச்சீருடை

சில்வர் சல்ஃபாடயஸின்தானே ஐயா. சின்னக் காயத்துக்குத் தேவையே இல்லை, ஆறுவது அதனால் தாமதமாகலாம். காயத்தின் மேல் வெள்ளைப் படலம் படிஞ்சு ஆழம் தெரியாமல் போகும். சல்ஃபா ஒவ்வாமை உள்ளவங்க, பிரசவம் நெருங்கின கர்ப்பிணிகள், பச்சைக் குழந்தைகள் பக்கமே போகக் கூடாது. டாக்டர் பார்த்து எழுதிக் கொடுத்தால் மட்டும் போடுங்க.

எப்போ டாக்டரிடம் போகணும்னும் சொல்லிடறேன். காயம் பட்டவரோட உள்ளங்கை அளவை, விரல்களையும் சேர்த்துத்தான், தாண்டின காயம். முகம், மணிக்கட்டுக்குக் கீழே இருக்கிற கை, பாதம், மூட்டு, அந்தரங்க இடங்களில் கொப்புளம். வெள்ளையா மெழுகு மாதிரியோ கருகியோ போன தோல், முக்கியமா அங்கே வலியே இல்லைன்னா. நரம்பும் சேர்ந்து வெந்திருக்கும், வலி இல்லைங்கிறது நல்ல செய்தி இல்லை. மின்சாரத்தால் வந்த காயம் எவ்வளவு சின்னதா தெரிஞ்சாலும் போகணும். சின்னக் குழந்தை, வயசானவங்க, சர்க்கரை நோய் உள்ளவங்க என்றால் யோசிக்கவே வேண்டாம்.

சன்னலோரம்

எல்லாருக்கும் நன்றி. நேற்று 20 நிமிஷம் முழுசாக் காட்டினேன். காந்தல் பெருமளவு போயிடுச்சு, ராத்திரி ஒரு பாரசிட்டமால் போட்டுத் தூங்கினேன். காலையில் பார்த்தால் கோட்டின் நடுவில் உளுந்து அளவுக்கு ஒரு கொப்புளம், நீர் கோர்த்திருக்கு. ஊசியால் குத்தி விட்டுடலாமா?

வெள்ளைச்சீருடை

குத்தாதீங்க. அந்தத் தோல்தான் இப்போ உங்களுக்குக் கட்டு. அடியில் புதுத்தோல் வளர வளர நீர் தானா வற்றிடும். சட்டைக்கை உரசும்னா ஒட்டாத வகைக் காஜ் வச்சு லேசாக் கட்டுங்க. பஞ்சு வேண்டாம், நார் ஒட்டிக்கும். தானா உடைஞ்சிட்டா சோப்பும் தண்ணீரும் விட்டு மெதுவாக் கழுவி, மூடி வைங்க. தொங்கற தோலைப் பிய்க்காதீங்க.

சுற்றிலும் சிவப்பு பரவுது, சீழ் வைக்குது, வாடை வருது, காய்ச்சல் அடிக்குதுன்னா அன்றைக்கே டாக்டர். டி.டி. ஊசி, அதாவது டெட்டனஸ் தடுப்பூசி, கடைசியா எப்போ போட்டீங்கன்னு நினைவில்லைன்னா அதையும் கேட்டுக்கோங்க. இரண்டு வாரத்துக்கு மேலும் ஆறலைன்னாலும் காட்டணும். ஆறின பிறகு அந்த இடத்தில் சில மாதம் வெயில் படாமல் பார்த்துக்கோங்க, புதுத்தோல் சீக்கிரம் கருத்துப் போகும்.

சன்னலோரம்

சரிங்க அக்கா, குத்தலை. மேல் கம்பித்தட்டை எடுத்து வெளியே வச்சிட்டேன். அண்ணா, ஒரு கடைசிக் கேள்வி. உள்ளே எண்ணெய் சிந்தித் தீப்பிடிச்சா ட்ரேயை வெளியே இழுக்கணுமா?

அடுமனைக்காரன்

இழுக்கவே கூடாது. கதவைத் திறந்தாலே காற்று உள்ளே போய்த் தீ உங்க முகத்துக்கு வரும். கதவை மூடினபடி விட்டு, சூட்டை அணைங்க. மின்சார ஓவன்னா சுவர் சுவிட்சையும் அணைங்க. காற்று இல்லாமல் அதுவே அடங்கிடும், அடங்கின பிறகும் நல்லா ஆறற வரைக்கும் திறக்காதீங்க. எண்ணெய்த் தீயில் தண்ணீர் ஊற்றவே கூடாது. கதவு இடுக்கு வழியா தீ வெளியே வந்தா எல்லாரையும் கூட்டிக்கிட்டு வெளியே போய்த் தீயணைப்புக்கு போன் பண்ணுங்க. அப்புறம் ஓவன் அடியில் சிந்தினதை அன்னன்னைக்கே, ஆறினதும் துடைச்சிடுங்க. அடுத்த தடவை அதுதான் புகையும்.